அப்பாவைச் சேர்த்த போதை மீட்பு வார்டு: ஐந்துக்கு மூன்றரை

மார்க்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டாக்டர்களுக்கு ஐந்து, நர்ஸ்களுக்கு ஐந்து, சாப்பாட்டுக்கு மூன்று, குளியலறைக்கு ஒன்று. எல்லாம் கலந்து மூன்றரை. மருத்துவமனையின் பெயரைப் போடவில்லை. பாலக்காடு டவுனிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம் என்பதோடு விட்டுவிடுங்கள். எங்கள் ஊர் சின்ன ஊர், பெயரைப் போட்டால் யாருடைய அப்பா என்று சாயங்காலத்துக்குள் டீக்கடையில் பேச்சாகிவிடும், அப்படி ஆகாது என்று அப்பாவிடம் சத்தியம் செய்திருக்கிறேன். பெயர் இல்லாமல் என்ன ரிவ்யூ என்று கேட்டால், அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்ட ஒருவரை இந்த மாதிரி வார்டில் சேர்க்கப் போகிறவர்கள் எதைப் பார்க்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன்.

எங்கள் வீடு கொழிஞ்சாம்பாறைப் பக்கம். கேரளாதான், ஆனால் வீட்டில் தமிழ், கடையில் தமிழ், பள்ளிக்கூடத்திலும் தமிழ் மீடியம் உண்டு. அப்பாவுக்கு 69. லாரி ஓட்டியவர். தமிழ்நாட்டு எல்லையில் வாளையார் செக்போஸ்ட்டில் லாரிகள் வரிசை கட்டி நின்ற காலத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், 2017-இல் ஜிஎஸ்டி வந்து வரி சோதனை போகும்வரை ராத்திரி முழுக்கவும் சில நாள் மறுநாள் மதியம் வரையிலும் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு காத்துக் கிடக்க வேண்டும். அப்பாவின் பிராந்தி அந்த வரிசையில் பழகியதுதான். அதற்கு முன்னால் கள். எங்கள் சித்தூர் தாலுகாவில் கள் குடிப்பதை யாரும் குடி என்று கணக்கில் சேர்ப்பதில்லை, கேரளாவின் மற்ற மாவட்டங்களுக்கே இங்கிருந்துதான் வண்டி வண்டியாகப் போகிறது. தமிழ்நாட்டில் 1987-லிருந்து கள்ளுக்குத் தடை, அதனால் அந்தப் பக்கத்து ஆட்கள் கள்ளுக்கு இங்கே வருவார்கள். இங்கே மாதம் ஒன்றாம் தேதி மதுக்கடை லீவு, அன்றைக்கு நம் ஆட்கள் எல்லை தாண்டி டாஸ்மாக் போவார்கள். திருவள்ளுவர் தினத்தில் டாஸ்மாக் மூடினால் திரும்ப இந்தப் பக்கம். எல்லையில் இருப்பவனுக்கு வருஷத்தில் கடை இல்லாத நாள் என்று பார்த்தால் விரல் விட்டு எண்ணிவிடலாம்.

ரிட்டயர் ஆனபிறகு குறையும் என்று அம்மா நம்பினாள். கூடியது. வண்டி ஓட்டும் நாட்களில் காலையில் ஸ்டீயரிங் பிடிக்க வேண்டும் என்ற ஒரு பயமாவது இருந்தது. அது போனதும் தினம் ஒரு குவார்ட்டர், ஆறேழு வருஷமாக.

நாங்கள் என்ன செய்தோம் என்றால், அப்பாவிடம் தெரிந்த ஒவ்வொரு மாற்றத்துக்கும் வயசு என்று பெயர் வைத்துக்கொண்டோம். கை நடுக்கமா, வயசு. டீயைத் தட்டில் ஊற்றி இரண்டு கையாலும் பிடித்துக் குடிப்பார், பழைய காலத்து ஆள் அப்படித்தான் என்று விட்டோம். நேற்று வந்துபோன மாமாவை இன்று மறப்பார், வயசு. நடக்கும்போது காலை அகட்டி வைப்பார், மூட்டுவலி. திண்ணையிலிருந்து வாசலுக்கு வருவதற்குள் ஒரு கால் செருப்பு கழன்று பின்னால் கிடக்கும், அவர் பாட்டுக்கு மறு கால் செருப்போடு மாட்டுக் கொட்டகை வரை போய்விடுவார். பேரன் அதைப் பார்த்துச் சிரிப்பான். நாங்களும் சிரித்திருக்கிறோம்.

அப்புறம் நாங்கள் செய்த பெரிய தப்பு. ஒரு சனிக்கிழமை ராத்திரி சண்டை. ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் தம்பியும் சேர்ந்து பாட்டிலையெல்லாம் கொட்டிவிட்டு, பர்ஸை வாங்கி வைத்துக்கொண்டு, இன்றோடு சரி என்று சொல்லிவிட்டோம். வீரமாகத்தான் இருந்தது. சாயங்காலம் அப்பாவுக்கு வேர்த்துக் கொட்டியது, நெஞ்சு படபடப்பு, வாந்தி. குடிக்கவில்லை அல்லவா, இரண்டு நாள் அப்படித்தான் இருக்கும் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். திங்கள் விடிகாலை ஐந்து மணிக்கு வலிப்பு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உடம்பு வில்லாக வளைந்து, நாக்கிலிருந்து ரத்தம்.

பின்னால் டாக்டர் சொன்னதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இந்தப் பதிவில் ஒன்றே ஒன்றைப் படிப்பீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும். வருஷக்கணக்கில் தினமும் நிறையக் குடித்தவர், அதுவும் வயதானவர், வீட்டில் வைத்து ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. மூளை அத்தனை வருஷமும் பிராந்தியின் மந்தத்துக்கு எதிராகத் தன்னை முறுக்கிவைத்துப் பழகியிருக்கிறது, பிராந்தியைத் திடீரென்று எடுத்தால் முறுக்கு மட்டும் மிஞ்சும். கடைசியாகக் குடித்து ஆறு மணி நேரத்திலிருந்து நடுக்கமும் வேர்வையும் ஆரம்பிக்கும், வலிப்பு வருவதென்றால் பெரும்பாலும் முதல் இரண்டு நாளுக்குள் வரும், மூன்றாம் நாள் வாக்கில் புத்தி பேதலிக்கும். கவனிக்காமல் விட்டால் அந்தக் கடைசிக் கட்டத்தில் உயிரே போகலாம். நிறுத்த வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் வைத்து, மருந்து கொடுத்து நிறுத்த வேண்டும்.

திங்கட்கிழமை அவசரத்துக்கு ஓடிய இடம் வேறு, சின்ன ஆஸ்பத்திரி. குடியை நிறுத்தியதைச் சொன்னோம். ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏற்றி, ஊசி ஒன்று போட்டு, சாயங்காலம் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். செவ்வாய் ராத்திரி அப்பா கட்டிலில் உட்கார்ந்து லாரி ஓட்டினார். சும்மா சொல்லவில்லை, இரண்டு கையிலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துத் திருப்புகிறார், இடது கையால் கியர் போடுகிறார், தலையைச் சாய்த்துக் கண்ணாடி பார்க்கிறார், என்னைப் பார்த்து, "பின்னால பாருடா, பள்ளம் இருக்கு" என்று கத்துகிறார். நான் அவருக்குக் கிளீனர். அம்மா அழுதுகொண்டே, "வண்டிய நிறுத்துங்க" என்றாள், அதற்கு மட்டும் பிரேக் போட்டார்.

இந்த மருத்துவமனைக்கு வந்தது அந்த ராத்திரிதான். முதல் நல்ல மதிப்பெண் கேஷுவாலிட்டிக்கு. ட்யூட்டியில் இருந்த பெண் டாக்டர் இதைப் பார்த்ததும் ஆச்சரியமே படவில்லை. "டிரைவரா?" என்று கேட்டார். இந்த மயக்கத்தில் தையற்காரர் தைப்பார், மரமேறுகிறவர் ஏறுவார், செய்த தொழிலையே உடம்பு திரும்பச் செய்யும் என்றார். குளுக்கோஸ் ஏற்றினோம் என்றதும்தான் முகம் மாறியது. கூட பி1 போட்டார்களா என்று கேட்டார். எங்களுக்கு என்ன தெரியும்.

தயமின் என்கிற பி1 வைட்டமின் விஷயம் எனக்கு அன்றைக்குத்தான் அறிமுகம். தொடர்ந்து குடிப்பவர் சரியாகச் சாப்பிட மாட்டார், சாப்பிட்டதிலிருந்தும் குடல் இந்த வைட்டமினைச் சரியாக எடுக்காது, லிவர் சேர்த்து வைக்காது. சர்க்கரையை எரித்துச் சக்தியாக்க மூளைக்கு அது வேண்டும். இருப்பு காலியாக இருக்கும்போது குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மிச்சம் இருப்பதும் தீர்ந்து, குழப்பம், கண் இழுத்தல், நடை தள்ளாட்டம் என்று வெர்னிக்கே நோய் வந்துவிடலாம். 1881-லேயே எழுதி வைத்த நோய். சர்க்கரை இறங்கிக் கிடந்தால் குளுக்கோஸைத் தவிர்க்க முடியாதுதான், ஆனால் பி1 ஊசியும் கூடவே போக வேண்டும். இங்கே கையோடு நரம்பில் ஏற்றினார்கள், மாத்திரை போதாதாம். குடிக்கிற வயதானவரை எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாலும் வாயைத் திறந்து, "குடிப்பவர், பி1 போட்டாச்சா?" என்று கேட்டுவிடுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

முதல் ஐந்து நாள் பொது வார்டில்தான் இருந்தார். வலிப்பையும் பேதலிப்பையும் அடக்க எல்லோருக்கும் கொடுக்கும் லிப்ரியம் மாத்திரை கொடுக்கவில்லை, அது பழுதான லிவரில் தேங்கி நின்று வயதானவரை நாள்கணக்கில் தூங்க வைத்துவிடுமாம், அதனால் லோராசெபாம், அதையும் அளந்து அளந்து, ஒவ்வொரு வேளைக்கும் நடுக்கத்தையும் வேர்வையையும் பார்த்து மார்க் போட்டுக் கொடுத்தார்கள். தலைக்கு ஸ்கேன் எடுத்தார்கள். இரண்டு வாரம் முன்னால் கொட்டகையில் விழுந்தது உண்டா என்று கேட்டு, உண்டு என்றதும் எடுத்தது. குடியால் மூளை சுருங்கும், சுருங்கினால் மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவிலுள்ள ரத்தக்குழாய்கள் இழுபட்டு நிற்கும், லேசாக அடிபட்டாலும் அறுந்து மெதுவாகக் கசியும், வாரங்கள் கழித்துத்தான் தெரியும். அப்பாவுக்குக் கசிவு இல்லை. சுருக்கம் இருந்தது.

ஆறாம் நாள் தெளிந்தபிறகு மனநல டாக்டர் வந்து அப்பாவிடமே கையெழுத்து கேட்டார், மகனிடம் இல்லை. 2017-ஆம் வருஷத்து மனநலச் சட்டப்படி புத்தி தெளிவாக இருக்கும் ஆளை வீட்டார் இழுத்து வந்து அடைத்து வைக்க முடியாது, அவர் சம்மதிக்க வேண்டும், கிளம்புகிறேன் என்றால் விட வேண்டும் என்று எங்கள் முன்னாலேயே விளக்கினார். தம்பிக்குக் கோபம். ஆனால் அப்பாவிடம் யாரோ பல வருஷத்துக்கு அப்புறம் அனுமதி கேட்கிறார்கள், முகத்தில் அது தெரிந்தது. கையெழுத்துப் போட மூன்று நிமிஷம் ஆனது. போட்டார்.

இனி வார்டு. அப்பாவின் வியாதியை வயசிலிருந்து பிரித்துக் காட்டியதற்காகத்தான் நான் இந்த இடத்துக்கு ஐந்து கொடுக்கிறேன். ஒரு காலைப் பொழுது முழுக்க அந்த டாக்டர் அதற்குச் செலவிட்டார், நாங்களும் பக்கத்தில் இருந்தோம். அப்பாவைக் கண்ணை மூடச் சொல்லி எந்த விரலைத் தொடுகிறேன் என்று கேட்டார். கைவிரல் எல்லாம் சரியாகச் சொன்னார். கால் விரலுக்கு வந்ததும், "தொட்டீங்களா?" என்று திருப்பிக் கேட்டார். ஒரு இரும்புக் கவையைத் தட்டி, அதிர்ந்துகொண்டிருக்கும்போது கணுக்காலில் வைத்தார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. முழங்கால் எலும்பில் வைத்ததும், "ங், இப்ப" என்றார். கணுக்காலுக்குக் கீழே அவருக்குக் கால் இருப்பது கண்ணால் பார்த்தால்தான் தெரியும், அத்தனை வருஷமாகக் குடி அங்குள்ள நரம்புகளைத் தின்றிருக்கிறது. செருப்பு கழன்றது தெரியாதது அதனால்தான். பேரன் சிரித்தது எனக்கு ஞாபகம் வந்தது.

தரையிலுள்ள டைல்ஸ் கோட்டில் குதிகாலோடு விரல் ஒட்டி நடக்கச் சொன்னார். இரண்டாவது அடியிலேயே சாய்ந்தார். சிறுமூளைக் கோளாறு, இதற்கும் மூட்டுக்கும் சம்பந்தமில்லை. ஒரு தாளைக் கொடுத்துக் கடிகாரம் வரையச் சொன்னார். வட்டம் அழகாகப் போட்டார், டயர் மாதிரி. எண்களை ஒன்றிலிருந்து எழுதிக்கொண்டே வந்து பன்னிரண்டையும் வலது பக்கத்திலேயே முடித்துவிட்டு, இடது பக்கம் காலியாகக் கிடப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்றதற்கு, வாளையாரில் லோடு இறக்கிவிட்டு வரும் வழியில் புட்டும் கடலையும் சாப்பிட்டேன், கடைக்காரன் சில்லறை தரவில்லை என்றார். அன்றைக்கு அவர் கட்டிலை விட்டு இறங்கவேயில்லை. பொய் சொல்லவில்லை, ஞாபகத்தில் ஓட்டை விழுந்த இடத்தை மூளை அதுவாகவே கதை வைத்து அடைக்கிறது என்றார் டாக்டர். அந்தச் சில்லறை விவரம்தான் என்னைப் பயமுறுத்தியது.

முழுவதும் டிமென்ஷியா, அதாவது மறதி நோய், என்று அவர் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. குடியை விட்டு மாதங்கள் போனால் ஒரு பங்கு திரும்பி வரும், எந்தப் பங்கு என்று இப்போது சொல்ல முடியாது என்றார். டிமென்ஷியாவைத் தள்ளிப்போட முடிந்த காரணங்களின் பட்டியலில் அதிகக் குடியை 2020-இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் சேர்த்தது, இதை இந்த வயதிலும் மாற்றலாம் என்றார்.

வயதானவருக்கு அளவு ஏன் வேறு என்பதை இவ்வளவு எளிமையாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. வயது ஏற ஏற உடம்பில் சதை குறையும், சதையோடு நீர் குறையும். அதே பிராந்தி குறைந்த தண்ணீரில் கலப்பதால் ரத்தத்தில் சாராயத்தின் அளவு கூடுதலாக நிற்கும். நாற்பது வயதில் தாங்கிய குவார்ட்டர் எழுபதில் அதே குவார்ட்டர் அல்ல. கணக்கும் போட்டுக் காட்டினார். 180 மில்லி, 42.8 சதவீதம், சுத்தச் சாராயமாக ஏறக்குறைய 60 கிராம். அமெரிக்காவில் மாத்திரை எதுவும் சாப்பிடாத ஆரோக்கியமான 65 வயதுக்காரருக்கு வாரத்துக்கே 100 கிராமுக்குள் என்று ஒரு வரம்பு சொல்லி வந்தார்கள், அப்பா இரண்டு நாளில் அதைத் தாண்டிவிடுவார். பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லவே இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் சொன்னதையும் சேர்த்துக்கொண்டார், ஆனால் அதை அப்பாவிடம் சொல்லவில்லை, எங்களிடம் சொன்னார்.

மாத்திரைக் கதை தனி. அப்பாவுக்குச் சர்க்கரைக்குக் கிளிமிபிரைடு, பிரஷருக்கு இரண்டு. எழுதிக்கொடுத்த யாரும் குடிப்பீர்களா என்று கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் அப்பா இல்லை என்றுதான் சொல்லியிருப்பார். கிளிமிபிரைடு போட்டுவிட்டு, பிராந்தி குடித்துவிட்டு, ராத்திரிச் சாப்பாட்டை விட்டால் சர்க்கரை விடிகாலையில் பாதாளத்துக்கு இறங்கும். மூன்று மணிக்கு எழுந்து உளறுவார், உடம்பு ஜில்லென்று வேர்த்திருக்கும், நாங்கள் போதை என்று நினைத்துப் போர்த்திவிட்டுத் தூங்கப் போவோம். எத்தனை ராத்திரி அப்படிப் போயிருக்கும் என்று நினைக்க இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

லிவர் விஷயத்தை எல்லோரும் பேசுவார்கள், நான் சுருக்கிக்கொள்கிறேன். கொழுப்பு படிந்த கட்டத்தில் விட்டால் வாரக்கணக்கில் சரியாகும், அப்பா அதைத் தாண்டிவிட்டார். லிவர் தழும்பேறிப்போன சிரோசிஸ், மண்ணீரல் வீக்கம், ரத்தத்தை உறையவைக்கும் தட்டணு குறைவு, உணவுக்குழாயில் ரத்தக்குழாய் லேசாகப் புடைப்பு. கை கால் குச்சியாகி வயிறு மட்டும் நிற்பதைத் தொப்பை என்று நினைத்திருந்தோம். எங்களுக்குப் புதிதாக இருந்தது உணவு ஆலோசனை. லிவர் நோயாளிக்குப் புரதம் கூடாது என்பது பழைய கதையாம், இப்போது பருப்பு, முட்டை, பயறு எல்லாம் நன்றாகச் சாப்பிடச் சொல்கிறார்கள், படுக்கும் முன்பும் ஏதாவது ஒரு சிற்றுண்டி வேண்டும், ராத்திரி நீளப் பட்டினி கிடந்தால் உடம்பு தன் சதையையே கரைத்துவிடும். அம்மா இப்போது பத்து மணிக்கு அவல் நனைத்து வைக்கிறாள்.

அம்மா என்றதும் நினைவு வருகிறது. குடிப்பழக்கத்தை அளக்கப் பத்துக் கேள்வி உள்ள ஒரு படிவம், மொத்தம் 40 மார்க், 8 வந்தாலே கவனிக்க வேண்டும். அப்பா தானாகச் சொன்ன பதில்களில் 11. நர்ஸ் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு அதே கேள்விகளைக் கேட்டார், 26. காலையில் எழுந்ததும் குடிப்பது உண்டா என்பதற்கு அப்பா சத்தியமாக இல்லை என்றிருந்தார். இருமல் மருந்து மூடியில் ஊற்றிக் கஞ்சிக்கு முன்னால் குடிப்பார், அது நடுக்கத்துக்கு மருந்து என்று அவர் கணக்கு, என்றாள் அம்மா. நாற்பது வருஷத்தில் அவளிடம் அதை யாரும் கேட்டதில்லை.

இனி குறைகள். குளியலறை. வார்டில் பாதிப் பேர் தள்ளாடும் ஆட்கள், சுவரில் ஒரு கைப்பிடி கிடையாது, வழுக்கும் டைல்ஸ், இந்தியன் கக்கூஸ்தான் அதிகம், ஒரே ஒரு வெஸ்டர்ன், அதிலும் ஃப்ளஷ் வேலை செய்யவில்லை. குடியால் எலும்பு வேறு பொக்காகியிருக்கும் என்று காலையில் டாக்டர் சொல்லிவிட்டுப் போகிறார், மத்தியானம் அப்பா வாளியைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறார். மூன்று முறை எழுதிக்கொடுத்தேன். பாய் ஒன்று விரித்தார்கள், அது நனைந்து இன்னும் மோசம்.

அடுத்தது மொழி. அப்பாவுக்கு மலையாளம் தெரியும், லாரிக்காரர் மலையாளம், பேரம் பேசவும் சண்டை போடவும் போதும். மனசைத் திறக்க அது போதாது. கவுன்சிலர் நல்ல பிள்ளை, தமிழில் பேச முயன்றார், ஆனால் அப்பா அம்மாவைப் பற்றிச் சொன்ன ஒரு விஷயத்தை அவர் புரிந்துகொண்டது வேறு. வீட்டுக்குக் கொண்டுபோகக் கொடுத்த அறிவுரைத் தாளும் மலையாளம் மட்டும். இந்தப் பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் எத்தனை என்று ஓ.பி. வரிசையில் காது கொடுத்தாலே தெரியும். ஒரு தாள் தமிழில் அடிக்க என்ன ஆகிவிடும்? நாகர்கோவில்காரச் சிஸ்டர் ஒருவர் இருந்தார், அவர் ட்யூட்டி நாட்களில் அப்பா பேசினார். மற்ற நாட்களில் இளம் நர்ஸ்கள் பாசமாக "முத்தச்சா", அதாவது தாத்தா, என்று கூப்பிட, எனக்கு அவ்வளவு வயசாகலை என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். வயசு என்ற சொல்லை அவர் எங்களுக்கு எதிராகப் பயன்படுத்தியது அப்போதுதான்.

குழுக் கூட்டம் பற்றி இரண்டு மனசு எனக்கு. இருபது பேர் வட்டமாக உட்காருகிறார்கள், அதில் பதினைந்து பேர் இருபத்தைந்து முப்பது வயது, வேலை போனது, கல்யாணம் நின்றது, பைக் விபத்து என்று பேசுகிறார்கள். அப்பாவுக்கு வேலை போய் வருஷங்கள் ஆகிவிட்டன. மத்தியானத்துக்கு மேல் என்ன செய்வது என்று தெரியாதது, கூட லாரி ஓட்டியவர்கள் ஒவ்வொருவராகச் செத்துப்போனது, இதைப் பேச ஒரு ஆள் வேண்டும். வயதானவர்களுக்குத் தனிக் கூட்டம் இருந்தால் இன்னொரு நட்சத்திரம் தருவேன். ஆனால் ஒரு பையன், பெயர் வேண்டாம், தினம் அப்பாவிடம் வந்து பழைய வாளையார் கதை கேட்டான், அது எந்தக் கவுன்சிலிங்கைவிடவும் வேலை செய்தது.

பணம். மொத்தம் 19 நாள், பொது வார்டும் ஸ்கேனும் சேர்த்து எங்களுக்கு அறுபதாயிரத்தைத் தாண்டியது. இன்சூரன்ஸ் இருந்தது, கிடைக்கவில்லை. குடிக்கான சிகிச்சை என்று ஃபைலில் இருந்தால் பாலிசியில் விலக்கு போட்டிருப்பார்கள், முன்பே உங்கள் பாலிசியைப் படித்துவிடுங்கள். கவுண்டரில் இருந்தவர் இதை வரிசையில் நிற்கும் எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னார், மைனஸ் மார்க் அதற்கு. காசு கஷ்டம் என்றால் கேரளாவில் எக்சைஸ் துறையின் விமுக்தி திட்டத்தில் அரசு மருத்துவமனைகளிலேயே போதை மீட்பு மையங்கள் இருக்கின்றன, முதலில் அங்கே விசாரியுங்கள். எல்லைக்கு எந்தப் பக்கம் இருந்தாலும் 14446 என்ற இலவச எண்ணில் கேட்கலாம்.

எல்லைப் பகுதி பஸ் ஸ்டாண்ட் சுவர்களில் ஒட்டியிருக்குமே, குடியை நிறுத்தும் மருந்து, குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம் என்று, அதைப் பற்றியும் டாக்டரிடம் கேட்டேன், ஏனென்றால் சித்தி ஒரு டப்பா வாங்கி வைத்திருந்தாள். அதில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது என்றார். குடியோடு சேர்ந்தால் உடம்பைப் படுத்தும் டைசல்ஃபிராம் மாதிரி ஏதாவது இருந்து, தெரியாமல் சாப்பிட்டவர் மேலே பிராந்தி குடித்தால் முகம் சிவந்து, வாந்தி, பிரஷர் இறங்கி, இதயம் பலவீனமான வயதானவர் செத்தே போகலாம். தெரிந்தே கொடுப்பதென்றாலும் அப்பாவின் வயதுக்கும் லிவருக்கும் அது வேண்டாம் என்று, கிட்னியைப் பரிசோதித்துவிட்டு, குடி ஆசையைக் குறைக்கும் அகாம்ப்ரோசேட் கொடுத்தார். வேளைக்கு இரண்டு, நாளைக்கு ஆறு மாத்திரை. அப்பா அதை லோடு என்பார். டப்பாவைச் சித்தி கிணற்றடியில் கொட்டினாள்.

டிஸ்சார்ஜ் ஆகி ஐந்து மாதம். வாராவாரம் போன் செய்து விசாரிப்போம் என்றார்கள், ஒரு தடவையும் வரவில்லை, நாங்கள்தான் கூப்பிடுகிறோம். நடுவில் ஒருமுறை குடித்தார், உறவுக்காரர் கல்யாணத்தில். மறுநாளே கூட்டிப் போனோம், திட்டவில்லை, ஒருமுறை சறுக்குவது நடப்பதுதான், எதனால் சறுக்கியது என்று பார்ப்போம் என்று உட்கார வைத்துப் பேசினார்கள். அதற்காகவே திரும்பவும் இங்கேதான் போவேன். பிரஷர் மாத்திரை ஒன்றாகக் குறைந்திருக்கிறது. டீயை டம்ளரில் ஒரு கையால் குடிக்கிறார். தூக்கம் இன்னும் சரியில்லை, மாதக்கணக்கில் அப்படி இருக்கும் என்றார்கள். கால் மரத்தது அப்படியே. மாமா வந்துபோனது சில நாள் ஞாபகம் இருக்கிறது, சில நாள் இல்லை.

டீக்கடையில் ஒருவர் என்னிடம், எங்க தாத்தா தினம் ரெண்டு குப்பி கள்ளு குடிச்சு தொண்ணூத்திரண்டு வரைக்கும் இருந்தார், எல்லாம் டாக்டருங்க பயமுறுத்தறது என்றார். அவர் தாத்தாவோடு குடித்து ஐம்பத்தைந்தில் போனவர்கள் டீக்கடைக்கு வந்து எதிர்வாதம் பண்ணவா போகிறார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை, அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

சேர்ப்பவர்கள் கொண்டுபோக வேண்டியவை: பழைய மாத்திரைச் சீட்டு எல்லாம், பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்று குளியலறைக்கு, பின்னால் வார் வைத்த செருப்பு. மட்ட அரிசிக் கஞ்சி பிடிக்காதவர் என்றால் வெளியே தள்ளி ஒரு தமிழ் மெஸ் இருக்கிறது, மத்தியானம் ஒன்றரைக்குள் போய்விடுங்கள், அதற்குமேல் ரசம்தான் மிஞ்சும். போன வாரம் செக்கப்புக்குப் போனபோது திரும்பக் கடிகாரம் வரையச் சொன்னார்கள். பன்னிரண்டும் ஆறும் சரியான இடத்தில் வந்தன. முள் இரண்டையும் ஒரே நீளத்தில் போட்டுவிட்டார். அப்புறம் குளியலறையை எட்டிப் பார்த்தேன், கைப்பிடி இன்னும் போடவில்லை.